பதினைந்து பாகைத் தண்ணீர்

நாற்பத்திரண்டு வயதில் எனக்குத் தண்ணீருக்குள் மூச்சு நின்றது. அதற்கு முன் தண்ணீரைக் கண்டு பயந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் பிறந்தது பனிச்சங்கேணியில், கடலோரக் களப்பின் கரையில். கல்யாணம் முடித்து வந்தது மாங்கேணிக்கு. நானும் என் கணவரும் தோணிகளில் வரும் மீனை வாங்கி, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்கி, லொறியில் ஏற்றி அனுப்புகிறவர்கள். எனக்கு நீந்தக் கற்றுத் தந்தது யார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆறு வயதில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களப்பில் இறங்கினேன், நீந்தினேன், அவ்வளவுதான். வளர்ந்த பிறகு, களப்பு கடலோடு சேருகிற ஆற்றுவாயில் இழுபட்ட நாலைந்து பேரைக் கரைக்கு இழுத்து வந்திருக்கிறேன். எல்லாரும் வெளியூரிலிருந்து உல்லாசமாக வந்தவர்கள். கரையில் போட்டதும் நான் முதலில் செய்வது ஏசுவதுதான். ஒரு முறை என் வயதுக்கார மனிதர் ஒருவரை, அவருடைய மனைவி பிள்ளைகளுக்கு முன்னால், "நீந்தத் தெரியாட்டி என்னத்துக்கு இறங்கின நீங்க? ஏன் கையக் கால அடிச்ச நீங்க? சும்மா கிடந்திருந்தா தண்ணியே உங்களக் கொண்டு வந்து போட்டிருக்கும்" என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் மணலைப் பார்த்தபடி இருந்தார்.

என் தங்கை எனக்குப் பன்னிரண்டு வயது இளையவள். அவளுக்கு ஆசிரியர் நியமனம் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே தங்குமிடம். தங்குமிடத்துக்குக் கீழே ஒரு ஏரி. போன ஆண்டு தைப்பொங்கல் முடிந்த கிழமை, நானும் என் கணவரும் முதன்முதலாக அவளைப் பார்க்கப் போனோம்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை. அவர் மரக்கறி வாங்க டவுனுக்குப் போயிருந்தார். பகல் பதினொரு மணி இருக்கும். பனி விலகி நல்ல வெயில். நானும் தங்கையும் ஏரிக்கரைக்குப் போனோம். தண்ணீர் அசையாமல், அடியில் கிடந்த கல்லெல்லாம் தெரிய இருந்தது. எங்கள் களப்பில் முழங்கால் ஆழத்துக்கு மேல் எதுவும் தெரியாது. எனக்கு ஆசை வந்துவிட்டது.

"அக்கா, இதுக்குள்ள ஒருத்தரும் குளிக்கிறல்ல. ஐஸ் மாதிரிக் கிடக்கும்" என்றாள் தங்கை.

"ஐசுக்குள்ள கைய விட்டுத்தான் புள்ள நான் சீவிக்கிறன். எனக்கு ஐசக் காட்டிப் பயமுறுத்துறியா?"

சொல்லிவிட்டு, போட்டிருந்த சுடிதாரோடு ஒரு பாறையில் ஏறிக் குதித்தேன்.

தண்ணீருக்குள் போன அந்தக் கணத்தில் என் நெஞ்சு தானாகவே ஒரு பெரிய மூச்சை இழுத்தது. நான் இழுக்கவில்லை, உடம்பு இழுத்தது. வாய் தண்ணீருக்குள் இருந்தது. மேலே வந்தபோது நெஞ்சைச் சுற்றி யாரோ கயிற்றைப் போட்டு இறுக்குவது போல இருந்தது. ஓடிக் களைத்த நாயைப் போல மூச்சு வந்தது. உள்ளே போனது வெளியே வருவதற்குள் அடுத்தது உள்ளே போனது. கத்த முடியவில்லை. பாறை இரண்டு பாய் நீளத்துக்கு அப்பால்தான். அந்தத் தூரத்தை நான் நித்திரையிலும் நீந்துவேன். ஆனால் கை நான் சொன்னதைக் கேட்கவில்லை. கையையும் காலையும் அடித்தேன். நான் ஏசிய மனிதர் எப்படி அடித்தாரோ அப்படியே அடித்தேன்.

தங்கைக்கு நீந்தத் தெரியாது. அவள் பாறையில் நின்று அலறினாள்.

அந்த நேரம் மேட்டுப் பாதையில் கொழுந்துப் பையோடு வந்துகொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்தாள். தேயிலை பறிக்கிறவர்கள் செடி கீறாமலிருக்க இடுப்பில் தடித்த சீலை ஒன்றைச் சுற்றியிருப்பார்கள், படங்கு என்பார்கள். அவள் அதை அவிழ்த்து, பாறையில் குப்புறப் படுத்து, ஒரு முனையை என்மேல் எறிந்தாள்.

"புடிங்க! அடிக்காதீங்க! புடிச்சிக்கிட்டு சும்மா கெடங்க!"

பிடித்தேன். விரல் மடங்கவில்லை. கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அவளும் தங்கையும் என்னைப் பாறையில் உரசி உரசி மேலே இழுத்தார்கள். நான் தண்ணீருக்குள் இருந்தது இரண்டு நிமிடம்கூட இராது என்று தங்கை பிறகு சொன்னாள்.

அன்று முழுவதும் கம்பளிக்குள் கிடந்தேன். டவுனிலிருந்து வந்த அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். தங்கைதான், "இனி அந்தப் பக்கம் போகக்கூடா. சத்தியம் பண்ணு" என்றாள். நான் பண்ணவில்லை.

ஊருக்கு வந்த பிறகும் இருமல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் மட்டக்களப்புப் பிள்ளைதான், இளம் வயது. நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன்.

"முதல் ஒரு நிமிசம்தான் அம்மா ஆள முடிக்கிற. குளிர்தண்ணி தோலில பட்டதும் உடம்பு தன்ட பாட்டில மூச்ச இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணிக்குள்ள இருந்தா நீந்தத் தெரிஞ்சவரும் ஒண்டுதான், தெரியாதவரும் ஒண்டுதான்."

"அப்ப என்ன செய்ற?"

"நீந்தப்படா. மல்லாந்து மிதக்கணும். ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம். மூச்சு திரும்பி வரும். மறுகா கரைக்கு வரப் பாக்கணும். குதிக்கிறது கூடவே கூடா."

மருந்துத் துண்டை எழுதும்போது என் முகத்தைப் பார்த்தார். "ஏன் அம்மா, திரும்ப இறங்கப் போறீங்களா?"

"ஓம்" என்றேன். அந்த நிமிடம் வரை அது எனக்கே தெரியாது.

எதற்காக என்று பிறகு பலரும் கேட்டார்கள். வீம்பு என்றார் என் கணவர். வீம்பும்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. மாசி மாதத்தில் ஒரு நாள் களப்பில் இறங்கப் போய், இடுப்பளவு ஆழத்தில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் போகக் கால் வரவில்லை. ஆறு வயதிலிருந்து இறங்கிய தண்ணீர். வீட்டுக்கு வந்து தலையை மட்டும் நனைத்துக்கொண்டு, குளித்தேன் என்று பொய் சொன்னேன். மலையில் இருந்த ஒரு ஏரி என் களப்பையும் என்னிடமிருந்து பறித்துவிட்டது. அதை அப்படியே விட்டுவிட நான் தயாராக இல்லை.

டொக்டரிடம் மறுபடி போனேன். அவர் தடுக்கவில்லை. பிரஷர் பார்த்தார், இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றானதும் சில விஷயங்களைச் சொல்லித் தந்தார். தனியே ஒருநாளும் இறங்கக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும்போது பெருவிரலால் சின்னவிரலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட முடியாவிட்டால் அந்த நிமிடமே வெளியே வர வேண்டும்.

மீன் பெட்டிக்குள் குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஊசி வைத்த வெப்பமானி ஒன்று இருந்தது. அதைக் கொண்டுபோய்க் களப்பில் தோய்த்தேன். இருபத்தெட்டு பாகை. சுவரில் தொங்கிய கலண்டரில், இராகுகாலத்துக்குக் கீழே எழுதினேன். அன்றிலிருந்து கிழமைக்கு ஒரு தடவை அளந்தேன். தங்கைக்கும் சொன்னேன், பள்ளிக்கூட ஆய்வுகூடத்து வெப்பமானியால் ஏரியை அளந்து சொல்லு என்று. முதலில் மறுத்தாள். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளுடைய குரல் என் போனுக்கு வரும். "அக்கா, இண்டைக்குப் பதினெட்டு. நான் இறங்கல்ல, கரையில நிண்டுதான் அளந்த."

சித்திரையில் அவளுடைய ஏரி இருபத்தொன்றுக்கு ஏறியது. எங்கள் களப்பு முப்பதைத் தாண்டியது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியதும், பின்னேரத்தில் கரையோரத் தண்ணீர் உலையில் வைத்தது போலச் சுட்டது. அந்தச் சூட்டில்தான் நான் மறுபடி களப்பில் நீந்தத் தொடங்கினேன். முதல் நாள் கழுத்தளவுக்கு மேல் போகவில்லை. அவர் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டு, பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்தில் பழையபடி நீந்தினேன். ஆனால் முப்பத்திரண்டு பாகைத் தண்ணீரில் நீந்தி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்குக் குளிர் வேண்டும்.

எங்கள் பின்வளவில் பின்புறம் உடைந்த பைபர் தோணி ஒன்று கிடந்தது. உடைசலை அடைத்து, கிணற்றுத் தண்ணீரைப் பம்பால் இறைத்து நிரப்பினேன். கிணற்றுத் தண்ணீர் இருபத்தேழு. அதற்குள் ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டேன். இருபத்திரண்டுக்கு இறங்கியதும் காலை வைத்தேன். வைத்த காலை அப்படியே எடுத்தேன்.

பக்கத்து வளவுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்னகா இது? மீனுக்குப் போடுற ஐச உனக்குப் போடுறாய்!"

"நானும் பழுதாகாம இருக்கத்தான்கா" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டாரும் வந்தார்கள். அன்று ஏழெட்டுப் பேர் பார்க்க, மறுபடி காலை வைத்தேன். பிறகு முழங்கால். பிறகு தோணிக்குள் உட்கார்ந்தேன். மூச்சு படபடவென்று வந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றார். "வெளிய விடு புள்ள. உள்ள இழுக்கிறத விடு, வெளிய விடுறதப் பாரு." யார் அவருக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை, மெல்ல ஊதுவது போல மூச்சை வெளியே விட்டேன். ஒரு நிமிடம் போனதும் படபடப்பு அடங்கியது. அது அடங்கியதை நான் என் நெஞ்சுக்குள் உணர்ந்தேன். அன்று எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அந்த ஆண்டு முடியும் வரை கிழமைக்கு மூன்று நாள் தோணிக்குள் இறங்கினேன். இருபத்திரண்டு, இருபது, பதினெட்டு. புதிதாக ஒரு பாகை இறங்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு முதல் நாள் போலவே இறுகியது. ஆனால் இப்போது அது என்ன என்று எனக்குத் தெரியும். முகத்தையும் பிடரியையும் முதலில் நனைப்பேன், ஊதுவேன், காத்திருப்பேன். காத்திருப்பதுதான் கடினம். அவசரக்காரிக்கு ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று ஐஸ் தண்ணீருக்குள் உட்கார்ந்தால்தான் தெரியும். சில நாள் நடுக்கம் பொறுக்காமல் பாதியில் எழுந்து ஓடியிருக்கிறேன். அடுத்த நாள் திரும்பவும் ஐசை உடைப்பேன்.

ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பியது. மழை கொட்டி, களப்பு நிறைந்து, ஆற்றுவாய் உடைத்துக்கொண்டு ஓடியது. களப்பு இருபத்தைந்துக்கு வந்தது. அந்த வேகத்தில் யாரும் இறங்கக்கூடாது, நானும் இறங்கவில்லை. தோணிக்குள் மழைத்தண்ணீர் விழ விழ உட்கார்ந்திருந்தேன்.

மார்கழி முடியும்போது தங்கையின் குரல் வந்தது. "அக்கா, பதினஞ்சு. சித்திரையில வாவன், தண்ணி கொஞ்சம் சூடா இருக்கும்."

"தையிலதான் நான் முடியப் பாத்த. தையிலதான் வருவன்."

அவர் ஒரு நிபந்தனை வைத்தார். "இடுப்பில கயிறு. மறுமுனை என்ட கையில. பத்து நிமிசம், அதுக்கு மேல ஒரு வினாடியும் இல்ல. கரையோரமாத்தான் நீந்தணும், அக்கரைக்குப் போறண்டு நினைச்சா நான் வரல்ல." கயிறு கட்டி நீந்துவது எனக்கு மாட்டைக் கட்டுவது போல இருந்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். பிறகு சரி என்றேன். நானே கடைக்குப் போய் நைலோன் கயிறு வாங்கினேன்.

தையில் மலைக்குப் போன அன்று பின்னேரம், என்னைக் காப்பாற்றிய பெண்ணின் லயத்து வீட்டுக்குக் கருவாட்டுப் பார்சலோடு போனேன். முதல் தடவை நன்றிகூடச் சரியாகச் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் நான் இருக்கவில்லை. அவள் என்னைவிட வயது குறைந்தவள். தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எந்தம்பி அந்த ஏரியிலதாங்க போனான்" என்றாள். "நல்லா நீச்ச தெரிஞ்சவன். எல்லாரும் கரையில நின்னோம். எறியறதுக்கு ஒரு கயிறு இல்ல, ஒண்ணுமில்ல. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் நடக்கறப்பல்லாம், இப்ப யாராச்சும் விழுந்தா எத எறியலாம்னு பாத்துக்கிட்டே போவேன். அன்னிக்கி உங்கள பாத்ததும் கை படங்குக்குத்தான் போச்சு."

நாளைக்கு இறங்கப் போகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஆனால் சொன்னேன்.

"நானும் வந்து நிக்கிறேன்" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. பனி விலகப் பத்து மணியானது. வெப்பமானி பதினைந்தைக் காட்டியது. பாறைப் பக்கம் போகவில்லை. தங்கை முதலே பார்த்து வைத்திருந்த, சரிவாக இறங்கக்கூடிய ஒரு இடத்தில், ரீ-சேர்ட்டும் இறுக்கமான காற்சட்டையுமாக நின்றேன். அவர் என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

முகத்தை நனைத்தேன். பிடரியை நனைத்தேன். முழங்கால், இடுப்பு. நெஞ்சுக்கு வந்ததும் அது வந்தது, அதே இறுக்கம், அதே நாய் மூச்சு. மல்லாந்து படுத்தேன். வானத்தைப் பார்த்து ஊதினேன். காதுக்குள் தண்ணீர். இதயம் பறை போல அடித்தது. நீந்து, நீந்து என்று உடம்பு முழுவதும் கத்தியது. நான் அசையவில்லை. ஊதினேன், இன்னும் ஊதினேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு நீண்டது. கடைசியில் அது என் மூச்சாகவே ஆனது.

திரும்பிக் கரையோரமாக நீந்தத் தொடங்கினேன். கை சொன்னதைக் கேட்டது. கரையில் அவர் கயிற்றைத் தளர்த்திக்கொண்டு என்னோடு நடந்தார். தங்கை கம்பளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தாள். சொன்னபடியே வந்திருந்த அந்தப் பெண்ணும் கூட நடந்தாள். ஏழு நிமிடம் இருக்கும், குளிர் போய்விட்டது. உடம்பு இதமாக இருந்தது. அக்கரை கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. இவ்வளவுதானா, போய்விட்டு வந்துவிடலாமே என்று தோன்றியது.

"கையக் காட்டு புள்ள!" என்று அவர் கத்தினார்.

கையைத் தூக்கி, பெருவிரலால் சின்னவிரலைத் தொட்டேன். "தொட்டுட்டன்! நான் நல்லாத்தான் இருக்கன்!"

"தொடல்ல. நீயே பாரு."

பார்த்தேன். இரண்டு விரலுக்கும் நடுவில் இன்னொரு விரல் போகும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அதைச் சேர்க்கப் பார்த்தேன், சேரவில்லை. தொட்டுவிட்டது என்று நான் சத்தியமே பண்ணியிருப்பேன். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? அக்கரையை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, கரைக்குத் திரும்பினேன்.

கரைக்கு வந்ததும்தான் நடுக்கம் தொடங்கியது. தண்ணீருக்குள் இருந்ததைவிட வெளியே வந்த பிறகு பல மடங்கு. பல் தந்தியடித்தது. பெண்கள் இருவரும் கம்பளியை மறைப்பாகப் பிடித்து ஈர உடுப்பைக் கழற்றினார்கள், உலர்ந்ததைப் போட்டார்கள், தலையைத் துவட்டினார்கள். தேத்தண்ணிக் கோப்பையை என்னால் பிடிக்க முடியவில்லை, தங்கை பருக்கிவிட்டாள். அக்கரைக்குப் போயிருந்தால் இந்த நடுக்கம் எனக்கு நடு ஏரியில் வந்திருக்கும்.

"இப்ப என்னத்தக் கண்ட நீ?" என்று தங்கை அழுதுகொண்டே கேட்டாள்.

"மூச்சு திரும்பி வந்திச்சு" என்றேன். பல் அடிக்க அடிக்கச் சொன்னது அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

திங்கட்கிழமை பின்னேரம், தங்கை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மறுபடி இறங்கினேன். அன்று அவர் கையைக் காட்டச் சொல்வதற்கு முன்பே, ஆறாவது நிமிடத்தில் நானாகவே வெளியே வந்தேன்.

அடுத்த நாள் காலை அவர் டவுனுக்குப் போய், ஒட்டுப்போட்ட பழைய லொறி டியூப் ஒன்றோடு வந்தார். காற்றடித்து, எங்கள் கயிற்றின் ஒரு முனையை அதில் கட்டினார். மறுமுனையைப் பாறைக்கு மேலே நின்ற யூகலிப்டஸ் மரத்தில், தோணி கட்டுகிற முடிச்சாகப் போட்டார். யாரும் விழுந்தால் எறிய அதை அங்கேயே விட்டு வைக்கத் தோட்டத்துரையிடம் தங்கை முதலே அனுமதி கேட்டு வைத்திருந்தாள். பின்னேரம் அந்தப் பெண் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். கூட இன்னும் மூன்று பெண்கள்.

நான் ஒரு வெற்றுப் போத்தலைத் தண்ணீரில் தூரமாக எறிந்தேன். "அதுதான் ஆள். டியூப்ப ஆளுக்கு மேல போடப்படா, அங்கால போட்டு இழுக்கணும். மறுகா கயிறு ஆளுக்கிட்ட வரும்."

முதல் எறிதல் பாறையிலேயே விழுந்தது. இரண்டாவது மரக்கிளையில் சிக்கியது. பெண்கள் சிரித்தார்கள். தங்கை எறிந்தது போத்தலுக்குப் பாதித் தூரமும் போகவில்லை. அவர் கையை எப்படி வீசுவது என்று காட்டினார். ஆளுக்கு ஆள் மாறி எறிந்தார்கள். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கத் தொடங்கியது, பனி திரும்பவும் தண்ணீரின் மேல் படர்ந்தது. நான் போதும், நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

"இருங்க" என்றாள் அந்தப் பெண். ஈரக்கயிற்றைக் கைமாற்றி இழுத்துச் சுருட்டி, டியூப்பை இடுப்புக்கு எடுத்துக்கொண்டாள். "இது சரியா விழுற வரைக்கும் நா போகல."